ஷாக்கைத் திருகும் முன்: டிராக்கில் வண்டி காட்டும் அறிகுறிகளும் அவற்றுக்கான திருத்தங்களும்

பாலக்காட்டு வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பையன்கள் சிலர் இப்போது டிராக்குக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லை தாண்டி மலுமிச்சம்பட்டி வழியாகச் செட்டிப்பாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய கோவைக்காரர் கரிவர்தன் பெயரில் இருக்கும் டிராக் அது. காலையில் பிட்டில், அதாவது டிராக் ஓரம் வண்டிகள் நிற்கும் இடத்தில், வண்டியை நிறுத்தியதும் எவனாவது ஒருவன் வந்து இதைத்தான் கேட்பான்: "அண்ணா, ஷாக்க எத்தனை கிளிக்ல வெக்கணும்?"

ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் நாப் ஒவ்வொரு படியாகத் திரும்புவதைத்தான் கிளிக் என்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. "வண்டி எப்பத் தள்ளுது? பிரேக் பிடிக்கறப்பவா, ஸ்டீயரிங் திருப்பறப்பவா, பாதி வளைவிலயா, ஆக்ஸிலரேட்டர் குடுக்கறப்பவா?" என்று திருப்பிக் கேட்பேன். ஷாக் அப்சார்பர் வேலை செய்வது வண்டி அசையும் நேரத்தில் மட்டும்தான். மூக்கு குத்தும்போது, உடம்பு சாயும்போது, நிமிரும்போது அதன் தண்டு உள்ளே வெளியே நகர்கிறது; எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்குகிறது; அந்த எதிர்ப்புதான் டேம்பிங். வண்டி சாய்ந்து முடித்து, ஒரே நிலையில் நின்று வளைந்துகொண்டிருக்கும்போது தண்டு நகர்வதில்லை. அப்போது எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கும், இடம் வலம் சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரும்தான். அதனால் நீண்ட வளைவின் நடுவில், ஸ்டீயரிங்கும் பெடலும் அசையாமல் இருக்கும்போது முன்பக்கம் தள்ளினால், அதாவது திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே போனால், நாபைத் திருகுவது வீண். டயர் காற்று, கேம்பர் (சக்கரம் சாயும் கோணம்; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்), ஸ்டெபிலைசர், ஸ்பிரிங் ஆகியவற்றில்தான் அதற்கு மருந்து இருக்கிறது.

இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஷாக் மேல் சொல்லப்படும் குற்றங்களில் பாதி இங்கேயே கழன்றுவிடும்.

கீழே சொல்வதெல்லாம் ஸ்விஃப்ட், போலோ மாதிரி முன்சக்கர இழுவை வண்டிகளை வைத்து. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுங்கக்கூடிய உத்தரம்). எங்கள் பக்கத்திலிருந்து டிராக்குக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இவைதான்.

நாபைத் தொடும் முன்

டயர் காற்றை ஓடி முடித்து பிட்டுக்குள் வந்தவுடன் சூட்டோடு பாருங்கள். நாலைந்து வேகச் சுற்றுகளில் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். காலையில் குளிர்ந்த டயரில் வைத்த அளவை நம்பி நாள் முழுக்க ஓட்டினால் மத்தியானம் வண்டி சறுக்கும். பழி ஷாக் மேல் விழும். அடுத்து லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றிலும் தொளதொளப்பு இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஷாக் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.

அப்புறம் கிளிக் கணக்கு. எப்போதும் முழுசாக இறுக்கிய நிலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இறுகிய முனையில் உள்ளே ஊசி போய் உட்காரும் இடம் தெளிவாகத் தெரியும். தளர்ந்த முனையில் ஒரு ஷாக்குக்கும் இன்னொன்றுக்கும் ஓரிரு கிளிக் வித்தியாசம் வரலாம். முனை வந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். பலம் கொடுத்துத் திருகினால் ஊசி உட்காரும் இடம் கெட்டுப்போகும். இறுகிய முனையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கிளிக்கின் விளைவும் பெரிதாகும். தளர்ந்த முனையில் நாலு கிளிக் மாற்றினாலும் சில வண்டிகளில் ஒன்றும் தெரியாது.

உங்கள் ஷாக்கின் நாப் எதை மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோனி ஸ்போர்ட்டில் ரீபவுண்ட் மட்டும்தான் மாறும், அதாவது ஷாக் நீளும்போது வரும் எதிர்ப்பு. கேடபிள்யூ வேரியன்ட் 3 போன்றவற்றில் கம்ப்ரஷனும் (ஷாக் அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) ரீபவுண்டும் தனித்தனி. ஒரே நாப் உள்ள பல காயில் ஓவர்களில் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த செட்) இரண்டும் சேர்ந்தே நகரும். ரீபவுண்ட் அதிகமாகவும் கம்ப்ரஷன் குறைவாகவும்.

இன்னொன்று. ஷாக் தண்டில் ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி, உடம்போடு ஒட்டித் தள்ளி வையுங்கள். ஷாக் அமுங்கும்போது டை மேலே நகரும். அதிகபட்சம் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது நின்ற இடம் காட்டும். இரண்டு ரூபாய் செலவில் கிடைக்கும் இந்தத் தகவலுக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அறிகுறி: வளைவில் நுழையும்போது முன்பக்கம் தள்ளுகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள், வண்டி ஒரு கணம் கேட்காத மாதிரி நேராகப் போய், அப்புறம்தான் திரும்புகிறது.

பொது விதி இது: வண்டி சாய்ந்துகொண்டிருக்கும் அந்தச் சிறு நேரத்தில் எந்த முனையின் ஷாக் அதிகம் இறுக்கமோ, அந்த முனையின் வெளிச்சக்கரத்துக்கு எடை சட்டென்று போய்ச் சேரும். உள்சக்கரம் காலியாகும், அந்த முனை பிடியை இழக்கும். முன்பக்கம் தள்ளினால், முன்னால் இறுக்கம் அதிகம் அல்லது பின்னால் இறுக்கம் போதவில்லை.

பலரும் உடனே முன் ஷாக்கைத் தளர்த்துவார்கள். முன்சக்கர வண்டியில் நான் பின்பக்கத்தில்தான் தொடங்குவேன். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் உடம்பு சாயச் சாய வெளிச்சக்கரத்தின் கேம்பர் கெட்டுப்போகும். டயர் தோளில் ஓடும். முன்பக்கத்தைத் தளர்த்தினால் அந்தச் சாய்வு இன்னும் வேகமாக வரும். அதனால் முதலில் பின் ஷாக்கை இரண்டு கிளிக் இறுக்குங்கள். மூன்று சுற்று ஓட்டுங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு. பின்பக்கம் லேசாக ஆடத் தொடங்கினால் அங்கே நிறுத்திவிட்டு, முன் கம்ப்ரஷனை இரண்டு கிளிக் தளர்த்துங்கள்.

ஒரு நுணுக்கம். பிரேக்கை விடும் கணத்தில் மட்டும் தள்ளுகிறது என்றால் கதை வேறு. மூக்கு குபீரென்று எழும்பி, முன் டயர் மேலிருந்த எடை ஓடிவிடுகிறது. முன் ரீபவுண்டை ஓரிரு கிளிக் இறுக்கினால் மூக்கு மெதுவாக எழும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் காலைக் கவனியுங்கள். பிரேக்கைச் சட்டென்று விடாமல் ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், எந்த நாபையும் தொடாமலே இந்தக் குறை போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முன் டயரின் வெளித்தோள் தேய்ந்து, உள்பாதி புதுசாக இருந்தால் ஷாக்கை விட்டுவிடுங்கள். கேம்பர் போதவில்லை. கம்பெனி வண்டியில் கேம்பர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்கும். டிராக்கில் மைனஸ் 2 முதல் 3 டிகிரி வரை தேவைப்படும்.

அறிகுறி: பிரேக் பிடித்தபடி திருப்பும்போது பின்பக்கம் சுற்றப் பார்க்கிறது

இது வந்தால் அந்தச் சுற்றை மெதுவாக முடித்துப் பிட்டுக்கு வந்துவிடுங்கள். "இன்னும் ஒரு லேப் பார்க்கலாம்" வேண்டாம்.

முதல் இரண்டு சுற்றில் மட்டும் என்றால் பின் டயர் சூடாகவில்லை, அவ்வளவுதான். முன்சக்கர வண்டியில் பின் டயர் சூடேற நேரம் பிடிக்கும். நாலாவது ஐந்தாவது சுற்றிலும் தொடர்ந்தால் பின் ரீபவுண்டைப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போய், பின்பக்கம் எழும்பும்; பின் ஷாக் நீள வேண்டும். ரீபவுண்ட் மிக இறுக்கமாக இருந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிப்பதற்குப் பதில் உடம்போடு சேர்ந்து மேலே இழுபடும். இரண்டு மூன்று கிளிக் தளர்த்துங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது பின்பக்கம் ஆடினாலும் இதே மருந்துதான். அதன்பிறகும் இருந்தால் முன் கம்ப்ரஷனைக் கொஞ்சம் இறுக்கலாம். மூக்கு குத்தும் வேகம் குறையும்.

வளைவில் பின் உள்சக்கரம் அந்தரத்தில் தூக்குவதைப் படத்தில் பார்த்துவிட்டுப் பயந்து என்னிடம் காட்டியவர்கள் உண்டு. டார்ஷன் பீம் வண்டியை வேகமாக ஓட்டினால் அது தூக்கத்தான் செய்யும். வண்டி நிலையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வளைவை விட்டு வெளியேறும்போது உள்சக்கரம் சுழல்கிறது, மூக்கு வெளியே போகிறது

இங்கே இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பின்பக்கம் அமுங்கி மூக்கு எழும்பும். மூக்கு எழும்புவதுதான் குறை என்றால் பின் கம்ப்ரஷனை இரண்டு கிளிக் இறுக்குங்கள், அல்லது முன் ரீபவுண்டை ஒரு கிளிக். ஆனால் முன் ரீபவுண்ட் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால், உள்சக்கரம் தரையை விட்டு இழுபட்டுச் சுழலும். அப்போது அதைத் தளர்த்த வேண்டும். இரண்டில் எது என்று தெரிய ஒரே வழி, முன் ரீபவுண்டை நாலு கிளிக் தளர்த்தி மூன்று சுற்று, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மூன்று சுற்று. சுழல்வது குறைந்ததா, மூக்கு இன்னும் வெளியே போனதா என்று கவனித்தால் விடை கிடைக்கும்.

இன்ஜின் பலத்தை இடம் வலம் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் சாதாரணமானது என்றால் உள்சக்கரச் சுழற்சியை ஷாக்கால் முழுவதும் ஒழிக்க முடியாது. குறைக்கலாம்.

அறிகுறி: மேடுபள்ளத்தில் வண்டி துள்ளுகிறது

"துள்ளுது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்து ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்று, மேட்டைத் தாண்டிய பிறகு வண்டி படகு மாதிரி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடுவது. ஸ்பிரிங் விரியும் வேகத்தை ஷாக் பிடித்து நிறுத்தவில்லை. ரீபவுண்டை இரண்டிரண்டு கிளிக்காக இறுக்குங்கள். ஒரே எழுச்சியில் அடங்கினால் சரி.

இரண்டு, டயர் தரையில் 'டடடட' என்று தட்டிக்கொண்டு போவது. ஸ்டீயரிங்கில் கூசும், பல்லில் தெரியும். சிறு மேடுகளில் சக்கரம் மேலே ஏற ஷாக் இடம் கொடுக்கவில்லை. கம்ப்ரஷன் அதிகம். வேகக் கம்ப்ரஷனுக்குத் தனி நாப் இருந்தால் அதைத் தளர்த்துங்கள்; இல்லாவிட்டால் இருப்பதைத் தளர்த்துங்கள். வேகம் என்பது இங்கே வண்டியின் வேகம் இல்லை, தண்டு நகரும் வேகம். உடம்பு சாய்வது, குத்துவது எல்லாம் விநாடிக்கு 5 சென்டிமீட்டரைச் சுற்றியுள்ள மெதுவான நகர்வு. டிராக் ஓரத்துக் கெர்ப் மேல் ஏறுவதும் தார் ஒட்டில் இடிப்பதும் அதைப் போலப் பல மடங்கு வேகம்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவது. முதல் மேட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கொஞ்சம் இடிக்கிறது. மூன்றாவதில் வண்டி கல்லாகிவிடுகிறது. ரீபவுண்ட் இறுக்கம் மிஞ்சிவிட்டது. ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் முழுசாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி ஒரு படி கீழே உட்கார்ந்து, கடைசியில் ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டுகிறது. ஓட்டுபவருக்கு "ரொம்பத் தளர்வா இருக்கு, அடி தட்டுது" என்று தோன்றும், இன்னும் இறுக்குவார், இன்னும் மோசமாகும். கேபிள் டையைப் பாருங்கள். அது மேல் முனை வரை போயிருந்தால் ரீபவுண்டைத் தளர்த்தி, டையை மறுபடி கீழே தள்ளி வைத்து ஓட்டுங்கள். டை முன்பை விடக் கீழே நின்றால் நோய் பிடிபட்டது. அப்போதும் மேல் முனைக்கே போனால் வண்டியின் உயரமும் ஸ்பிரிங்கும்தான் பிரச்சினை.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் பட்டது உண்டு. காயில் ஓவர் மாட்டிய கடையில் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று முன்பக்கத்தைக் கேட்காமலே கீழே இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். டிராக்கில் வளைவு ஏறியதும் வண்டி நன்றாகத் திரும்பும். பாதியில் ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீரென்று தள்ளும். இரண்டு செஷன் முழுக்க நாபைத் திருகினேன். இறுக்கினேன், தளர்த்தினேன், எதுவும் மாறவில்லை. மதியம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் டை பம்ப் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வளைவில் சாய்ந்ததும் வெளி ஷாக் ரப்பரில் உட்கார்ந்து, அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங் ஒரே நொடியில் பல மடங்கு கடினமாகிக்கொண்டிருந்திருக்கிறது. 15 மில்லிமீட்டர் உயர்த்தினேன். அன்று மாலையே அந்தக் குறை போனது. நல்ல வெயிலில் ஒரு நாள் டிராக் கட்டணமும் ஒரு செட் டயரின் பாதி ஆயுளும் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். அதனால்தான் யாரைப் பார்த்தாலும் டை கட்டு, டை கட்டு என்கிறேன்.

அறிகுறி: இடம் வலம் மாறி வரும் வளைவுகளில் உடம்பு தாமதமாக வருகிறது

ஸ்டீயரிங் அடுத்த பக்கம் போய்விட்டது, உடம்பு இன்னும் பழைய பக்கமே சாய்ந்திருக்கிறது. நாலு ஷாக்கையும் ஒரே அளவு இறுக்குங்கள், இரண்டு கிளிக். ரீபவுண்ட் தனியாக இருந்தால் அதில் தொடங்குங்கள். மாறாக, வண்டி வெட்டி வெட்டித் திரும்பி, ஓட்ட நடுக்கமாக இருந்தால் நாலையும் தளர்த்துங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் திரும்பும்போது நன்றாக இருக்கிறது, மறுபக்கம் மோசம்

முதலில் நாப்களை எண்ணுங்கள். எண்பது சதவீதம் என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தவற்றில் அடிக்கடி வந்த காரணம் இதுதான். இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் பத்து. எண்ணிக்கை சரியென்றால் அந்தப் பக்கத்து ஷாக் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முழுசாகத் தளர்த்தி மூலையை அமுக்குங்கள். முழுசாக இறுக்கி அமுக்குங்கள். வித்தியாசமே இல்லை என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது கேஸ் போய்விட்டது. கழற்றிச் சர்வீஸ் செய்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: நாலைந்து சுற்று வரை நன்றாக இருந்து, அப்புறம் கெடுகிறது

டயரா ஷாக்கா என்று பிரிக்க வேண்டும். இரண்டும் சூட்டில்தான் கெடும். ஷாக் தன்மேல் வரும் அசைவை எல்லாம் சூடாகத்தான் மாற்றுகிறது. எண்ணெய் சூடேற ஏற இளகும். இரட்டைக்குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்தால் பிடிப்பே போய்விடும். டயர் சூடானால் வளைவு முழுக்க, நடுவிலும்கூட, சறுக்கும். ஷாக் சோர்ந்தால் நடு வளைவில் மாற்றம் குறைவு. நுழையும்போதும், இடம் வலம் மாறும்போதும், மேட்டிலும்தான் தொளதொளப்பு தெரியும். மேலே சொன்ன 'எப்போது' என்ற கேள்வி இங்கேயும் உதவுகிறது. ஷாக் சோர்வதாகத் தெரிந்தால் அந்தச் செஷனுக்கு ஒரு கிளிக் இறுக்கி வைத்து ஓட்டலாம். ஆனால் முதல் சுற்றில் அது இறுக்கமாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வரிசையில் மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டு கிளிக், மூன்று சுற்று. முதல் சுற்று டயருக்கு, அடுத்த இரண்டு உங்களுக்கு. மாற்றம் பிடித்திருந்தாலும் ஒருமுறை பழைய இடத்துக்கே திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள். குறை திரும்பி வந்தால்தான் அது நாபின் வேலை. வராவிட்டால் டிராக் மாறியிருக்கிறது, அல்லது நீங்கள் மாறியிருக்கிறீர்கள்.

டிராக் மாறுவது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று செட்டிப்பாளையம் வரை விசிறி அடிக்கும். காலையில் தார் மேல் புழுதி படிந்திருக்கும். முதல் செஷனில் எல்லா வண்டியும் தள்ளும், எல்லா வண்டியும் சுற்றும். நாலு வண்டி ஓடி வரி விழுந்த பிறகுதான் ஷாக்கைத் தொடுவது. நேர்கோட்டில் பக்கக் காற்று தள்ளுவதை "பின்பக்கம் மிதக்குது" என்று சொல்லி ரீபவுண்டை இறுக்கியவர்களும் உண்டு. கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புது ஷாக் என்றால் முதல் நாள் நேரம் பார்க்க வேண்டாம். நாலையும் முழுத் தளர்வில் வைத்து மூன்று சுற்று மெதுவாக, நடுவில் வைத்து மூன்று சுற்று, இறுக்கத்துக்கு நாலு கிளிக் முன்னால் வைத்து மூன்று சுற்று. இரண்டு கோடியும் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், நடுவில் நடப்பது தானாகப் பிடிபடும். நோட்டில் தேதி, வெயில், டயர் காற்று, நாலு மூலைக் கிளிக், வண்டி எந்த இடத்தில் என்ன செய்தது என்று எழுதுங்கள். தமிழோ மலையாளமோ, வந்த சொல்லில் எழுதுங்கள். கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவன் தன் போலோவுக்கு வளைவு வளைவாகப் படம் போட்டு, பக்கத்தில் 'இங்க மூக்கு', 'இங்க வாலு' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு அதுவே போதும். அவனுக்கு என்ன திருத்த வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

மாலையில் கிளம்பும் முன் நாலு நாபையும் ரோட்டு அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். டிராக் அளவிலேயே வேலந்தாவளம் ரோட்டில் வந்தால் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரட் மவுண்ட் அடி வாங்கும்; மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் பிடியும் குறையும். தளர்த்தும்போது எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எண்ணி, டிராக் எண்ணுக்குக் கீழே அதே நோட்டில் எழுதிவிட்டு வண்டியை எடுங்கள்.